சம்மாந்துறையில் அந்தக் கையெழுத்து இருக்கிறதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்டு மட்டக்களப்புக் கடலுக்கடியில் கிடக்கும் ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி உங்கள் வாரமலரில் வந்த கட்டுரையை வாசித்தேன். அதற்கு அடுத்த வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் வாசித்தேன். அந்தப் போருக்குப் போன நம்மவர்கள் வெள்ளைக்காரனுக்குக் கூலிக்கு மாரடித்தவர்கள்தானே, அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தார். அதை வாசித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. என் அம்மப்பா அப்படிப் போனவர்களில் ஒருவர். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் 23 இன்னும் எங்களிடம் இருக்கின்றன.

எங்கள் ஊர் மண்டூர். அம்மப்பா இருந்தது அம்மம்மாவின் சீதன வீட்டில். எங்கள் பக்கத்தில் காணி பூமி எல்லாம் பெண்ணின் பேரில்தான் வரும், அது உங்களுக்குத் தெரியும். ஒரு மாரியில் வெள்ளம் வந்து வேளாண்மை அழிந்துபோக, மறுபோகத்துக்கு விதைநெல் வாங்கப் பெரிய வயற்காரரான போடியார் ஒருவரிடம் அந்தச் சீதன வயலையே ஈடு வைத்திருக்கிறார். வயலை மீட்க வழியில்லை. மாமியாரின் முகத்தில் முழிக்கவும் வெட்கம். அந்த நேரம் பிரித்தானிய இராணுவத்தின் பயனியர் கோர் என்ற படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1941 கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இலங்கையில் நம்மவர்கள் யாரையும் கட்டாயப்படுத்திப் படைக்கு எடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் வயல் ஈட்டில் இருக்கும் மனிதனிடம் போய், விரும்பித்தானே போனாய் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அவருக்குக் கிடைத்த வேலையும் சண்டை அல்ல. எகிப்தில் கப்பலிலிருந்து சாமான் இறக்குவது, ரோட்டுப் போடுவது, களஞ்சியத்துக்குக் காவல் நிற்பது. துவக்கைத் தூக்கிய நாட்களைவிட மூட்டை தூக்கிய நாட்கள்தான் அதிகம் என்று திரும்பி வந்தபிறகு சொல்வாராம். தான் நிற்கும் இடத்தின் பெயரைக் கடிதத்தில் எழுதக் கூடாது. 'மிடில் ஈஸ்ட்' என்று மட்டும் இருக்கும்.

கடிதங்களில் போர் கிடையாது, முழுக்க முழுக்க அரிசிதான். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரனிடம் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. இந்த நாடு சாப்பிட்ட அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்த காலம் அது. கூப்பன் வந்தது, சங்கக்கடை வரிசை வந்தது. நெல்லுக்குப் பேர்போன மட்டக்களப்பிலா பசி என்று கேட்பீர்கள். வயல் அடுத்தவன் கையில் இருந்தால், விளைந்து கிடக்கும் வயல்வெளியைப் பார்த்துக்கொண்டே சங்கக்கடை வரிசையில் நிற்க வேண்டியதுதான். "கூப்பனுக்கு எத்தனை கொத்துத் தருகிறார்கள்? பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிடுகிறார்களா? பெரியவளுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதே" என்று ஒரு கடிதம். பெரியவள் என்றது என் அம்மாவை. பசு கன்று போட்டதா, ஈட்டுக்காரர் வந்து கேட்டாரா, மண்டூர்த் தீர்த்தத்துக்குப் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை தைத்தீர்களா, இப்படியே போகும்.

அம்மம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கடிதம் மட்டக்களப்புவரை ரயிலில் வந்து, அங்கிருந்து வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரை வழியாகத் தெற்கே போய், குருமண்வெளித் துறையில் தோணி ஏறி ஊருக்கு வரும். ஊர் வாத்தியார் திண்ணையில் இருந்து உரத்து வாசிப்பார். அக்கம்பக்கத்துச் சனமும் கூடி நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு கடிதமும் "அன்புள்ள மாமி அவர்களுக்கு மருமகன் எழுதிக்கொள்வது" என்று தொடங்கும். பெண்சாதிக்கு என்று தனியாக ஒரு வார்த்தை எழுத முடியாது.

ஆனால் கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கும் கீழே, சின்னச் சின்னக் கோடுகள் நிற்கும். பெரும்பாலும் மூன்று, சில மாதம் இரண்டு. அது அம்மம்மாவுக்கு மட்டும். ஒரு கோட்டுக்கு ஐந்து ரூபா. போகுமுன் இருவரும் பேசி வைத்துக்கொண்ட கணக்கு. அனுப்பிய காசு எவ்வளவு என்று திண்ணையில் கூடி நிற்கும் சனத்துக்கும் தெரியக் கூடாது, ஈட்டுக்காரரின் காதுக்கும் எட்டக் கூடாது. மணியோடர் மாறும்போது கைநாட்டு வைக்கும் பெண்ணை யாரும் ஏமாற்றவும் கூடாது. அம்மம்மா கோட்டை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காசு மாறப் போவாராம்.

1943 மாசி மாதக் கடிதத்தில் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது. தணிக்கைக்காரர் கத்தரியால் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார். ஏதோ சங்கேதம் என்று நினைத்திருப்பார். கடிதத்தில் வேறு எதையும் தொடவில்லை. அரிசி, பசு, சட்டை எல்லாம் அப்படியே இருக்க, அந்த ஒரு துண்டை மட்டும் காணோம். ஓட்டையோடு வந்த கடிதத்தைக் கண்டதும் அம்மம்மா தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாராம். வாத்தியார் கடைசி வரிவரை வாசித்து, ஆள் சுகமாக இருக்கிறான் புள்ள என்று சொன்ன பிறகும் அழுகை அடங்கவில்லை. அந்த மாதம் எத்தனை கோடு என்று தெரியாமல்தான் காசு மாறப் போனார். பத்து ரூபா கையில் கிடைத்தது, வாங்கிக்கொண்டு வந்தார். 1946இல் திரும்பி வந்த அம்மப்பா அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, "அந்த மாதமும் மூன்றுதான் கீறினேன்" என்றாராம். நான் தபாற் சேவையில் 33 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கைநாட்டு வைக்க வந்த ஒவ்வொருவருக்கும் காசை இரண்டு தரம் எண்ணிக் காட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு கடிதத்தையும் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அதே நாள் ஹேர்மஸை நம்முடைய கடலில் மூழ்கடித்தன. அதில் 307 பேர் இறந்தார்கள். செய்தி அம்மப்பாவுக்கு எட்டியிருக்கிறது. "உங்கள் பக்கம் குண்டு விழுகிறது என்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வயல் வாடியில் போய் இருங்கள். நான் இங்கே ஒரு பயமும் இல்லாத இடத்தில் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். கடிதத்தில் இருப்பது 1942 யூலை மாதத் திகதி. அவர் அப்போது அலெக்சாண்டிரியாத் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். லிபியாவின் தோப்ரூக்கைப் பிடித்த ஜேர்மன் தளபதி ரொம்மலின் படை, அங்கிருந்து 100 கிலோமீற்றர் சொச்சத்தில் எல் அலமெயினில் வந்து நின்ற மாதம் அது. போர் வரலாற்றைத் தேடி வாசித்து நான் இதைக் கண்டுகொண்டபோது அம்மம்மா உயிரோடு இல்லை.

உங்கள் வாசகருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சீருடைக்குள் ஒரே வகை மனிதர்கள் இருக்கவில்லை. அதே 1942 மே மாதம் 8ஆம் திகதி இரவு, இந்து சமுத்திரத்தின் கோகோஸ் தீவில் நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் வெள்ளை அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். தலைமை தாங்கிய கிரேஷன் பெர்னாண்டோவையும் இன்னும் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அவர்களும் அங்கே இருந்தார்கள், கடனுக்காகப் போன என் அம்மப்பாவும் இருந்தார். ஹேர்மஸ் 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்தும் அதைத் தேடி மூழ்கிப் படம் எடுத்து வருகிறோம். நம்முடைய வீட்டுத் தகரப் பெட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்?

எங்கள் பெட்டியில் முன்பு எழுபதுக்கு மேல் கடிதங்கள் இருந்தன. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை பறந்து சில நனைந்து கூழாகிவிட்டன. மிச்சத்தை அம்மம்மா வெயிலில் ஒவ்வொன்றாகக் காயவைத்து எடுத்தார். 1990இல் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டதும், ஆமி முத்திரை குத்திய கடதாசி தமிழ் வீட்டில் இருந்தால் யாருக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து, அம்மா தன் கையாலேயே பாதிக்கு மேல் அடுப்பில் வைத்துவிட்டார். அம்மப்பா சீருடையில் நின்று எடுத்த ஒரே படமும் அதோடு போய்விட்டது. யாரைக் குறை சொல்வது? அந்த ஆண்டு எத்தனை வீட்டு அடுப்பில் எத்தனை கடதாசி எரிந்ததோ. அம்மாவுக்கு இப்போது 80 கடந்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லி அழுகிறார்.

ஆகவே இந்தக் கடிதத்தை வாசிப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அலுமாரிக்கு மேலே, நெற்பெட்டிக்குப் பின்னால், ஒருதரம் தேடிப் பாருங்கள். பழைய கடிதம் எது கிடைத்தாலும் எரிக்க வேண்டாம், கடைக்காரரிடம் சரை சுற்றக் கொடுக்க வேண்டாம். நூலக நிறுவனம் 2005 முதல் நம்முடைய நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்து வருகிறது. இப்படியான கடிதங்களையும் அங்கே சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. என்னிடம் உள்ள 23ஐயும் ஸ்கான் செய்து முடித்துவிட்டேன்.

இன்னொன்று, இது என் சொந்தத் தேவை. அம்மப்பாவின் கொம்பனியில் சம்மாந்துறையைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் இருந்திருக்கிறார். "நானாவுக்கும் நான்தான் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன், அவருக்கு மகள் பிறந்திருக்கிறாள்" என்று 1943இல் இரண்டு இடத்தில் வருகிறது. அந்தப் பிள்ளைக்கும் இன்று 80 கடந்திருக்கும். நம் இரு சமூகத்துக்கும் இடையில் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன். உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ எகிப்திலிருந்து அனுப்பிய கடிதம் வீட்டில் இருந்தால், தயவுசெய்து எடுத்துப் பாருங்கள், பத்திரிகை அலுவலகம் மூலமாக எனக்கு அறிவியுங்கள். ழகரத்தின் வாலை அடுத்த வரிவரை இழுத்து எழுதியிருந்தால் அது என் அம்மப்பாவின் கைதான். கடிதத்தின் அடியையும் பாருங்கள். அங்கேயும் கோடுகள் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்,
மண்டூர்.