பேர் சொல்லாதது

அன்புள்ள தேவிக்கு,

பாப்பா நல்லா பால் குடிக்கிறாளா? தொப்புள் காய்ந்துவிட்டதா? போனில் கேட்டால் "எல்லாம் சரியாயிடுச்சும்மா" என்று முடித்துவிடுகிறாய், அதற்குள் அவள் வேறு கத்த ஆரம்பித்துவிடுகிறாள். எதிர்வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்பத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அங்கே 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், யாழினியா ரேணுகாவா, நீயே சொல்லும்மா என்று கேட்டாய். நான் பிடி கொடுக்காமல் பேசினேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். ரேணுகா என்றதும் நான் சும்மா இருந்ததால் எனக்கு அந்தப் பேரில் இஷ்டமில்லை என்று நினைத்திருப்பாய். எனக்கும் என் மாமியாரான உன் ஆயாவுக்கும் நடந்த சண்டையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தானே.

அது இல்லை காரணம். அந்தப் பேர் எனக்கு வாயில் வராது.

1984இல் இந்தக் குடியாத்தம் வீட்டுக்கு வந்தேன். 2015இல் உன் ஆயா போனார்கள். முப்பத்தோரு வருஷத்தில் மாமியார் பேரை நான் சொன்னது ஒரே ஒரு தடவை. ரேஷன் கார்டு அவர்கள் பேரில் இருந்தது. கடைக்காரர் "கார்டு யார் பேர்ல?" என்பார். "படவேட்டுல கீற அம்மன் பேரு சார்" என்பேன். "ரேணுகாம்பாளா?" "ஆமா சார்." அவருக்குத் தெரியாமல் இல்லை, மாசாமாசம் வேண்டுமென்றே கேட்பார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

வேலைக்குப் போன இடத்தில் இன்னும் கஷ்டம். படவேட்டு அம்மன் குலதெய்வமாக இருக்கிற வீடு நம் பக்கம் எத்தனை, அத்தனை வீட்டிலும் ஒரு ரேணுகா. (1989இல் மாவட்டத்தைப் பிரித்து படவேடு திருவண்ணாமலை பக்கம் போனபோது உன் ஆயா, "நம்ம அம்மனையும் பிரிச்சி குடுத்துட்டானுங்களா?" என்று ஒரு வாரம் கோபமாக இருந்தார்கள்.) செக்கப்புக்கு வருகிற கர்ப்பிணிகளில் ஒரு ரேணுகா வந்துவிட்டால் ரிஜிஸ்டரில் எழுதுவேன், கூப்பிட மாட்டேன். "அடுத்தது யாரும்மா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். நர்சம்மாவே இப்படியா என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், பழக்கம் அப்படி.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ பிறந்தபோது உன் நைனா ரேணுகா என்றுதான் வைக்க வேண்டும் என்றார். தடுத்தது உன் ஆயா. "எம் பேர வெச்சா உம் பொண்டாட்டி கொழந்தைய எப்டிடா கூப்புடுவா? திட்றதுக்காச்சும் ஒரு பேரு வோணும் இல்ல?" நான் உள்ளறையில் உனக்குப் பால் கொடுத்துக்கொண்டு இதைக் கேட்டேன். அப்படித்தான் நீ தேவி ஆனாய். அடுத்த மாசமே எண்ணெய்ச் சட்டியை நான் சரியாகத் தேய்க்கவில்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார்கள், அது வேறு.

பேர் வைக்கிற விஷயத்தில் நான் பார்த்தது கொஞ்ச நஞ்சமில்லை. மூன்றாவது, நான்காவது பெண் என்றால் "போதும்பொண்ணுன்னு எழுதிக்கோம்மா" என்பார்கள். "வேண்டா"வும் உண்டு. இங்கே 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும், பேரைப் பிறகு சேர்க்கலாம். 12 மாசத்துக்குள் என்றால் காசு இல்லை, அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதனால், "இப்ப பேர் கட்டத்த காலியா விடுங்க, கோபம் ஆறினதும் யோசிங்க" என்று அனுப்புவேன். சில பேர் நல்ல பேரோடு திரும்பி வந்தார்கள். "இன்னும் காலியாத்தான் கீது" என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் சமயம் ஓடிவந்தவர்களும் உண்டு. பக்கத்து ராணிப்பேட்டையையே பாரேன். 1714இல் செஞ்சி தேசிங்குராஜா செத்தபோது உடன்கட்டை ஏறிய அவன் மனைவிக்காக ஆற்காடு நவாப் வைத்த பேர் என்பார்கள். ஊரே அவள் பேரில் இருக்கிறது, ஆனால் அது பேரா? ராணி என்பது பட்டம்தானே.

உன் சித்தி ஒரு கட்சி. "தலை வெட்டுப்பட்டவ பேரையா பச்சக் கொழந்தைக்கு வெப்பாங்க?" என்று சண்டைக்கு வந்தாள். வெட்டச் சொன்னது புருஷன், வெட்டினது பெற்ற பிள்ளை, அவள் பேரில் என்னடி தோஷம் என்று கேட்டேன். வைகாசி ஒண்ணாந்தேதி, வெட்டுப்பட்ட அந்த ரேணுகா தலையைத் தூக்கி வருகிற சிரசு ஊர்வலத்துக்கு நைனா தோளில் உட்கார்ந்து போவாயே, ஞாபகம் இருக்கிறதா? தரணம்பேட்டையிலிருந்து அந்தப் பெரிய தலை ஜனத்துக்கு மேலே மிதந்து வரும். கோபாலபுரத்தில் கெங்கையம்மன் கோயிலில், கதையில் அவளோடு வெட்டுப்பட்ட சண்டாளச்சி உடம்பில் அதைப் பொருத்துகிற வரைக்கும் உன் ஆயா ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பொருத்தியதும் "வந்துட்டாடி!" என்று என் கையைப் பிடித்து அழுத்துவார்கள். மற்ற நாளில் என் கையைத் தொட்டதில்லை. மறுநாள் சித்தியே திரும்பவும் போன் செய்தாள். சுவாதி நட்சத்திரத்துக்கு ரு, ரே, ரோ, தா என்று ஜோசியர் சொன்னாராம், இப்போது அவள் ரேணுகா கட்சி.

யாழினியைக் குறை சொல்லவில்லை. அழகான பேர். மாப்பிள்ளை தஞ்சாவூர்க்காரர், அவர் நாக்கில் ழகரம் உருளும். நம் தெருவில் வாயப்பயம் விற்கிற வாய்க்கு அவள் யாயினிதான். அங்கே சீன டீச்சர் யாஸினி என்பாள். நான் ரிட்டயர் ஆகிற சமயம் ஒரே அங்கன்வாடியில் மூன்று யாழினிகள் இருந்தார்கள். இதெல்லாம் பெரிய காரணமில்லை, ரேணுகாவும் அந்தக் காலத்தில் அப்படித்தானே இருந்தது. மாப்பிள்ளை மனசு நோகும் என்றால் யாழினியே வை. இரண்டையும் சேர்த்து நீளமாக மட்டும் வைக்காதே. ஆதாரில் ஒன்று, சர்டிபிகேட்டில் ஒன்று என்று ஆகி, அதைத் திருத்த ஜனங்கள் அலைந்ததை நிறையப் பார்த்துவிட்டேன்.

என்னைக் கேட்டால் ரேணுகா. ஆயாவை அட்மிட் செய்த அன்று வேலூர் ஆஸ்பத்திரி கவுன்டரில் பேஷன்ட் பேர் கேட்டார்கள். உன் நைனா கார் நிறுத்தப் போயிருந்தார். அம்மன் கதையெல்லாம் அங்கே செல்லுமா? "ரேணுகாம்பாள்" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை, சத்தமா சொல்லுங்கம்மா என்றாள் அந்தப் பெண். சத்தமாகச் சொன்னேன். வீல்சேரில் இருந்த உன் ஆயா திரும்பி என்னைப் பார்த்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். "இன்னாடி, பேர் சொல்லிக் கூப்புட்ற?" என்றார்கள். வாயில் சிரிப்பு. பத்தாம் நாள் போய்விட்டார்கள்.

அந்தப் பேரை நான் இன்னும் நிறையத் தடவை சொல்ல வேண்டும். மொட்டை மாடியிலிருந்து "ஏய் ரேணு, வெயில்ல இன்னாடி பண்ற, எறங்கு கீழ" என்று கத்த வேண்டும்.

பையில் அரைக் கிலோ ஆற்காடு மக்கன் பேடா இருக்கிறது, அது மாப்பிள்ளைக்கு. வெள்ளைத் துணியில் முடிந்திருப்பது பாப்பாவுக்கு வசம்பு வளையல், கறுப்பு மணி கோத்தது. விளக்கு வைத்த பிறகு உன் ஆயா அதையும் பேர் சொல்ல மாட்டார்கள், "அந்தப் பேர் சொல்லாதது எங்க வெச்ச?" என்றுதான் கேட்பார்கள். கயிறு நீளமாகவே விட்டிருக்கிறேன். உன் சுண்டு விரல் உள்ளே போகிற அளவுக்குத் தளர்த்திக் கட்டு, குளிப்பாட்டும்போது கழற்றிவிடு.

அன்புடன்,
அம்மா