தலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்

அன்புள்ள கயல்விழிக்கு,

மெக்சிகோவில் 1560-ல் எழுதப்பட்ட ஹுவெஷோட்ஸின்கோ ஊர் வரிப் பதிவேட்டைத் திறந்தால் வரிசை வரிசையாகத் தலைகள்தான் இருக்கின்றன, பெயர் எங்கே என்று கேட்டிருந்தாய். தலையை ஒட்டியிருக்கும் சின்னப் படம்தான் பெயர். அதன் அருகே ரோமன் எழுத்தில் இருக்கும் குறிப்பை இப்போதே பார்க்காதே. பார்த்துவிட்டால் படத்திலும் அதுவேதான் தெரியும்.

படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஆஸ்டெக் மக்களின் மொழியான நாவாட்டில் சொல்லைச் சொல்லு. ட்ல், ட்லி, இன் என்று முடிந்தால் அந்த வாலை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கோர்த்துப் பார். இட்ஸ்கோவாட்ல் என்ற பெயரை எடுத்துக்கொள். ஆஸ்டெக் அரசர்களைப் படங்களில் காட்டும் மெண்டோசா சுவடியில் அந்தப் பெயருள்ள அரசருக்கு முதுகெல்லாம் எரிமலைக் கண்ணாடிக் கத்திகள் குத்திய பாம்பு. கத்தி இட்ஸ்ட்லி, பாம்பு கோவாட்ல். பாரிசில் இருக்கும் வெர்காரா சுவடியில் அதே பெயருக்குப் பாம்பே கிடையாது. ஒரு கத்தி, ஒரு பானை, கொஞ்சம் தண்ணீர். பானை கோமிட்ல், தண்ணீர் ஆட்ல். வாலை வெட்டினால் இட்ஸ், கோ, ஆ. கடைசி ட்ல்-ஐ எழுதவில்லை, படிப்பவர் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பானைக்கும் பாம்புக்கும் என்ன உறவு என்று கதை தேடினால் நாள் முழுக்கத் தேடலாம். ஒலிக்காக மட்டுமே அங்கே வந்த பானை அது.

ஸ்பானியப் பெயரையும் இப்படித்தான் பிடித்தார்கள். மெக்சிகோவை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராய் மெண்டோசாவுக்கு ஆனைக்கற்றாழையும் (மெட்ல்) மண்ணுக்குள் வளை தோண்டும் எலி போன்ற ஒரு பிராணியும் (தோசான்). கிட்டத்தட்ட வந்தால் போதும் என்று விட்டிருக்கிறார்கள்; எனக்கு மிகவும் பிடித்த பெயர்ப்படம் இதுதான்.

தடுமாறும் இடங்கள் சில உண்டு. முகத்தின் மேல் தண்ணீர் வழிந்தால் அழுகிறார் என்று எழுதிவிடாதே: தண்ணீர் ஆ, முகம் ஷயகாட்ல், பெயர் அஷயகாட்ல். நீல ஓடையின் நுனிகளில் துளியும் சிப்பியும் இருந்தால் அது தண்ணீர்க் குறி. கழுகும் (குவாவ்ட்லி) மரமும் (குவாவிட்ல்) கூட்டுச்சொல்லில் ஒன்றுபோல் குவாவ் என்றே ஒலிக்கும், அதனால் ஒன்றின் படம் மற்றதற்காக நிற்கலாம். கழுகு தலைகீழாக இருந்தால் அந்தத் திசையும் எழுத்துதான். இறங்குவது தெமோ, குவாவ்தெமோக் என்ற பெயர் அப்படித்தான் வருகிறது. நீல மகுடம் இன்னொரு சிக்கல். மெண்டோசா சுவடியில் எல்லா அரசர்கள் தலையிலும் அது பதவி அடையாளம். மொக்தெசுமா என்ற பெயருக்கு மட்டும் தனியே வரைந்து கோடு போட்டு இணைத்திருப்பதால் பெயரும் அதுவே.

வெறும் மான் தலை வந்தால் நிதானித்துக்கொள். நாட்காட்டிப் பெயருக்கு 1 முதல் 13 வரை எண், கூடவே இருபது குறிகளில் ஒன்று. வரிப் பதிவேடுகளில் எண்ணைப் பல முறை விட்டுவிடுகிறார்கள். அதனால் மான் நாட்குறியா, வெறும் மானா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகுதான் குறிப்பைப் பார். அது பழைய எழுத்துக்கூட்டு: எக்ஸ் வந்தால் ஷ, இஸட் வந்தால் ஸ. மோலினாவின் 1571 நாவாட்டில் அகராதியில் கழுகைத் தேடினால் கியூ எழுத்தில்தான் கிடைக்கும், சி-யில் தேடி ஏமாறாதே.

நீ படித்ததை அனுப்பும்போது படத்தையும் வண்ணத்தில் சேர்த்து அனுப்பு. கறுப்பு வெள்ளை நகலில் நீலம் போய்விடும், அப்புறம் தண்ணீரையும் மகுடத்தையும் நானும் ஊகிக்கத்தான் முடியும்.

அன்புடன்,
அம்மா