வீட்டுக் கேமரா பொருத்துவோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். ஊருக்குப் போகுமுன் வைஃபை கேமரா வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைக்கலாம். வீட்டுக்குள்ளிருந்து தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு 2023 மே முதல் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதி தேவையில்லை. ஆனால் எதிர்வீட்டுக் கதவோ சன்னலோ படத்தில் விழக்கூடாது. கதவுக்கு வெளியே மாட்டுவதென்றால் நகர மன்றத்தைக் கேட்டுவிட்டுத்தான்.

வாங்கும்போது பெட்டியில் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் தரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 4 நிலைகள் உண்டு. நிலை கூடக் கூடச் சோதனையும் கடுமை. அப்புறம், கேமராவுடன் வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள், எனக்குப் பெரிய கவலையே அதுதான். கேமராவின் செயலியில் இரட்டைச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போடுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி (UPnP) என்று ஓர் அமைப்பு வசதி இருக்கும். அது இயங்கினால் கேமரா தானாகவே வெளி இணையத்துக்கு வழி திறந்துவிடக்கூடும். அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களுக்கு அது தேவைப்படாது. வைஃபை சேரவில்லையா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முயன்று பாருங்கள்.

பணிப்பெண் இருக்கும் வீடுகளில் கேமரா எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தூங்கும், உடை மாற்றும் இடத்தில் வைக்கவே கூடாது.

பெரியவர்கள் யாருக்கேனும் உதவி வேண்டுமென்றால் தயங்காமல் இங்கே எழுதுங்கள், மாலையில் வந்து பொருத்தித் தருகிறேன்.