வாசலில் யார் நிற்கிறார்? நாடகம் எழுதும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரங்கூன், மாண்டலே கோயில் திருவிழா மேடைகளுக்கு நாடகம் எழுதும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். இல்லாத ஒரு சாம்ராஜ்யத்தைப் படைத்து அதன் பிரபுக்களின் சதியை மேடையேற்றப் போகிறீர்கள். நல்ல முயற்சி. ஆனால் காட்சிக்குக் காட்சி விஷக் கிண்ணம் வைத்தால் கதை நிற்காது. சதி எப்படி நடக்கும் என்பதற்கு நாம் வாழும் மண்ணிலேயே பாடம் இருக்கிறது.

முதலில், உங்கள் ராஜா ஏன் வாரிசை அறிவிக்கவில்லை? காரணம் வேண்டும். மாண்டலேயிலிருந்து பர்மாவை ஆண்ட மிண்டோன் மன்னருக்கு இருந்தது. வாரிசாக அவர் நியமித்த தம்பி கனாங் இளவரசரை, 1866இல் மன்னரின் சொந்தப் பிள்ளைகள் இருவரே கொன்றார்கள். பட்டம் கட்டுவது எமனுக்கு ஆள் காட்டுவதாகிவிடும் என்று அஞ்சி, அதன்பின் 12 ஆண்டுகள் அவர் யாரையும் நியமிக்கவில்லை.

1878 செப்டம்பரில் மன்னர் வயிற்றுக்கடுப்பில் படுத்தார். ராணி சின்பியுமஷினுக்குப் பெண்பிள்ளைகள்தான். மருமகன் வழியாகவே அதிகாரம் வரவேண்டும். மன்னரின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த, தாய்வழிச் செல்வாக்கு இல்லாத திபா இளவரசர் அதற்குத் தோதானவர். மூத்த மந்திரி கின்வுன் மிங்ஜியும் திபாவையே விரும்பினார். மந்திரிசபை சொல்வதைக் கேட்டு நடப்பார் என்று நம்பினார். ஒரே ஆளை இரண்டு பேர் இரண்டு காரணத்துக்காகத் தூக்கிவிடுகிறார்கள். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், நாடகத்தின் உயிர் இங்கேதான்.

'தந்தை பார்க்க விரும்புகிறார்' என்று மற்ற இளவரசர்களுக்கு ஆள் போயிற்று. வந்தவர்களை அடைத்தார்கள். சந்தேகப்பட்ட நியாங்யான் இளவரசர், தம்பியோடு பிரிட்டிஷ் ரெசிடென்சிக்குள், அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி இருந்த மாளிகைக்குள், புகுந்து தப்பினார். தாய்மார் அழுது முறையிட, மன்னர் விடுவிக்கச் சொன்னார். விட்டார்கள்; அவர் கண் மறைந்ததும் திரும்பப் பிடித்தார்கள். உயிரோடு இருந்த ராஜாவின் சொல் படுக்கையறைக் கதவைத் தாண்டவில்லை. அக்டோபர் 1ஆம் தேதி அவர் இறந்தார். 1879 பிப்ரவரியில் அடைபட்டவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். கின்வுன் மிங்ஜியின் கணக்கும் பொய்த்தது. பிடி, திபாவை மணந்த சின்பியுமஷினின் மகள் ராணி சுபயாலத் பக்கம் போய்விட்டது.

எழுத உட்காருமுன் கோட்டையை வரையுங்கள். மாண்டலே மதிலுக்கு 12 வாசல். உங்களுடையதற்கு எத்தனை, காவலர் யாருக்குக் கட்டுப்பட்டவர், அவர்களுக்குக் கூலி யார் தருகிறார்? பர்மிய இளவரசர்கள் தாங்கள் வரி உண்ட ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்டார்கள். 'மியோசா' என்றால் ஊரைத் தின்பவர். ஒவ்வொரு பிரபுவுக்கும் ஓர் ஊரைக் கொடுத்து, அந்த வரியில் எத்தனை ஆளுக்குச் சோறு போடலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் அங்கத்தில் அவருக்குத் திடீரென்று 500 வீரர் முளைப்பார்கள், பார்ப்பவர் நம்பமாட்டார்.

தோற்றவர்களை எல்லாம் சாகடிக்கவும் வேண்டாம். கனாங்கைக் கொன்ற மியிங்கூன் இளவரசர் தப்பியோடி, பின்னாளில் பிரெஞ்சுப் புதுச்சேரியில் இருந்துகொண்டு அரியணைக்கு ஆசைப்பட்டார். எல்லைக்கு அப்பால் அப்படி ஒருவரை உயிரோடு வையுங்கள். அவருக்குப் போகும் கடிதத்தை வழியில் யார் பிரிக்கிறார் என்பதிலேயே மூன்றாம் அங்கம் முழுதும் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் மூத்த நாடகக்காரர்கள்,
ரங்கூன்