239-வது பந்தயத்தில்

மச்சான்,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாமே, ரொம்ப நிம்மதியாக இருந்தது. இங்கே சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், வீடு காலையில் ஒரே அமளி.

சரி, இந்தக் கடிதமே ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்த ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தைப் பற்றிச் சொல்லத்தான். நம் ஜெர்மன்காரர் ஹுல்கென்பெர்க் முதல் மூன்று இடத்துக்குள் வந்து போடியம் ஏறிவிட்டார்! 2019-ல் ஹாக்கன்ஹைம் மழையில், அதுவும் சொந்த நாட்டில், அவர் கார் சறுக்கிச் சுவரில் மோதியதும் டிவியை அணைத்துவிட்டு "இனி இவரை நம்பி உட்கார மாட்டேன்" என்று எழுந்து போனவன் நீ. அதனால்தான் உனக்கு முதலில் எழுதுகிறேன்.

19-வது இடத்திலிருந்து கிளம்பினார் மச்சான், அதுவும் சாபர் அணியின் காரில். மழை வலுப்பதற்குச் சற்று முன்பே ஈரத் தடத்துக்கான புது இன்டர்மீடியட் டயர் போட்டுக்கொண்டார், மற்றவர்கள் சுழன்றுகொண்டிருந்தபோது இவர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஸ்ட்ரோலைத் தாண்டி மூன்றாவது இடத்துக்கு வந்த பிறகு பின்னால் யார் தெரியுமா, ஃபெராரியில் ஹாமில்டன், ஒன்பது முறை ஜெயித்த அவருடைய சொந்த மைதானத்தில். கடைசிச் சுற்றுகளில் எனக்குக் கை நடுங்கியது. கடைசியில் ஐந்து வினாடி வித்தியாசத்தில் முன்னால் முடித்தார்.

இதே சில்வர்ஸ்டோனில் 2020-ல் பெரஸுக்குப் பதிலாக வந்தபோது கார் கிளம்பாமல் பந்தயத்தையே தொடங்க முடியாமல் நின்றவர் அவர். 2010-ல் பிரேசிலில் வில்லியம்ஸ் காரில் போல், அதாவது முதலாவதாகக் கிளம்பும் இடம், எடுத்ததை நாம் சேர்ந்துதானே பார்த்தோம், அதிலிருந்து பதினைந்து வருஷம்! 37 வயதில், 239-வது பந்தயத்தில் முதல் போடியம். சாபருக்கும் 2012 சுசூகாவில் கோபயாஷிக்குப் பிறகு இதுதான் முதல். கோப்பை லெகோ கட்டைகளால் செய்தது, அதை அவர் கையில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

ஜெயித்தது நாரிஸ், சொந்த நாட்டில் முதல் வெற்றி, அவருக்கும் சந்தோஷம்தான். பியாஸ்ட்ரி இரண்டாவது. எல்லோரையும் மெதுவாக ஓட்டவைக்கும் சேஃப்டி கார் முன்னால் போகும் நேரத்தில் திடீரென பிரேக் பிடித்ததற்குப் பத்து வினாடி தண்டனை, அது இல்லாவிட்டால் அவர்தான் ஜெயித்திருப்பார் என்பது என் எண்ணம். போலில் கிளம்பிய வெர்ஸ்டாப்பன் சுழன்று ஐந்தாவதாக முடித்தார்.

கடைசிப் பதினைந்து சுற்றையாவது தேடிப் பிடித்துப் பார்த்துவிடு. 27-ஆம் தேதி ஸ்பாவில் அடுத்த பந்தயம், அன்று சாயங்காலம் போன் போடுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.