ஆய்வாளர்கள் தோட்டத்துப் பக்கமும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் தங்கள் ஆய்வைப் பற்றியும், எது தங்களை இந்தத் துறைக்கு இழுத்தது என்றும் பேசுகிற கூட்டங்கள் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர் தோட்டத்து ஊர்களிலும் நடக்க வேண்டும். கோயில் மண்டபம் போதும், நாற்காலி நாங்கள் போடுகிறோம்.

1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது, இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த மாதங்களில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த சனம் என்ன பாடுபட்டது, யார் யாரை எங்கே கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தமும் அப்படித்தான். 1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களில் பிழைத்துத் திரும்பியவர்களின் பிள்ளைகளே இப்போது தள்ளாத வயதில் இருக்கிறார்கள், இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பது?

அப்புறம், தோட்டங்கள் கைமாறும்போது தொழிலாளர் பெயரும் வேலை நாளும் பதிந்த பழைய செக்ரோல் புத்தகம், பள்ளிப் பதிவேடு, குடும்பப் படம் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. மாணவர்கள் வந்தால் கைப்பேசியிலேயே படம் எடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடலாம். ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதியைத் தமிழில் எங்கள் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் தாருங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட், பேராக்