தண்ணி கறுத்துட்டா தூசி முழுக்க சிக்கிடுச்சுன்னு அர்த்தமில்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாட்டர் ஃபில்டர் வேக்குவம் கிளீனர், அதாவது இழுக்குற தூசியைப் பைக்குப் பதிலா தொட்டித் தண்ணியில பிடிக்கிற மெஷின் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். எளிமையாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா தண்ணியைத் தாண்டி ஒரு துகள்கூட வெளிய போகாதுன்னு நடுவுல ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதைப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. நான் இந்த மெஷின்களை ரிப்பேர் பண்றவன், விக்கிறவன் இல்ல.

மொதல்ல, இது ஒண்ணும் புது டெக்னாலஜி கிடையாது. 1901ல இங்கிலாந்துல ஹியூபர்ட் செசில் பூத் செஞ்ச வேக்குவம் மெஷின் குதிரை வண்டியில வந்து தெருவுலயே நிக்கும், குழாயை மட்டும் ஜன்னல் வழியா உள்ள விடுவாங்க. அப்புறம் அமெரிக்காவுல ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர்னு ஒரு துப்புரவுப் பணியாளர், ஆஸ்துமாக்காரர், பெருக்குற தூசி தாங்காம தானே ஒரு கரண்ட் மெஷின் கட்டினார், தூசி பிடிக்க அதுல மாட்டினது ஒரு தலையணை உறை. 1908ல பேடண்ட் கிடைச்சுது, அதை ஹூவர் குடும்பம் வாங்கிக்கிச்சு. ஆனா பை வச்ச மெஷினுக்கு ரெண்டு தொல்லை உண்டு, பொடித்தூசி பையைத் தாண்டி வெளிய கசியும், பை நிறைய நிறைய இழுவை குறையும். அதுக்கு மாத்தாத்தான் 1930கள்லயே ரெக்ஸ்ஏர்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி தண்ணி வச்ச மெஷினைக் கொண்டுவந்துச்சு, அதோட வாரிசுதான் இப்ப இருக்குற ரெயின்போ. ஹைலா மாதிரி மத்த கம்பெனிகள் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தவங்க.

இப்ப அந்த ஒரு வரிக்கு வரேன். தண்ணி சல்லடை இல்லீங்க. ஸ்ட்ராவுல ஊதினா தண்ணிக்குள்ள குமிழ் வருமே, அதே மாதிரி காத்து குமிழாத்தான் மேல ஏறுது. குமிழோட ஓரத்துல போய் முட்டுற தூசிதான் நனைஞ்சு மாட்டும், உள்ளுக்குள்ள மிதக்குறது நனையாமலே மேல வந்து காத்தோட போயிடும். மணல், முடி, பஞ்சு எல்லாம் கனம் இருக்குறதால நேரா தண்ணியில மோதிடும், ரொம்ப ரொம்பப் பொடியானது தன்பாட்டுக்கு அலைஞ்சு திரிஞ்சு ஒட்டிக்கும், ரெண்டுக்கும் நடுவுல சுமாரா 0.1ல இருந்து 1 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் உள்ளதுதான் பெரும்பாலும் தப்பிக்கிறது. எண்ணெய்ப் பசை உள்ள தூசி தண்ணியோட ஒட்டவே யோசிக்கும்.

இதனாலதான் நல்ல மெஷின்கள்ல செப்பரேட்டர்னு ஒண்ணு வச்சிருக்காங்க. சுத்திலும் மெல்லிசா கீறல் போட்ட ஒரு கிண்ணம், மோட்டாரோட சேர்ந்து நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்தும், காத்தோட ஏறி வர்ற நீர்த்துளியையும் அதுல ஒட்டின தூசியையும் வெளிப்பக்கமா அடிச்சுத் திரும்பத் தண்ணியிலயே தள்ளும். சில மெஷின்கள்ல இது இருக்காது, வெறும் தண்ணித்தொட்டிக்கு மேல ஸ்பாஞ்சு வச்சு, அப்புறம் ஹெப்பான்னு நெருக்கமான இழையால ஆன ஒரு பொடித்தூசி ஃபில்டர் போட்டிருப்பாங்க. 0.3 மைக்ரான் துகள்ல 99.97 சதவீதம் பிடிக்கிறதுதான் ஹெப்பாவோட கணக்கு, அங்க உண்மையான வேலையை அதுதான் பாக்குது, பேர் மட்டும் தண்ணிக்கு.

என்கிட்ட வர்ற மெஷின்ல பாதி இந்த செப்பரேட்டராலதான் வருது. கழட்டிப் பாத்தா கீறல் எல்லாம் சாம்பல் கலர்ல வழவழன்னு ஒரு படலம் அடைச்சுக் கிடக்கும், காஞ்சுபோச்சுன்னா சிமெண்டு மாதிரி இறுகிடும், பழைய டூத் பிரஷ்ஷால ஒவ்வொரு கீறலாத் தேய்ச்சுத்தான் எடுக்கணும். அது அடைஞ்சா பேலன்ஸ் போயி மெஷின் ஆடும், பேரிங் போகும். இன்னொண்ணு நுரை. கார்பெட்ல ஷாம்பு மிச்சம் இருந்தாலோ, வாசனைக்குன்னு தொட்டியில சோப்புத்தண்ணி ஊத்தினாலோ நுரை பொங்கி மோட்டாருக்குள்ளயே போயிடும். தண்ணியோட மெஷினை சாய்க்கிறவங்க கதை தனி.

டெமோவுக்கு வர்றவங்க கடைசியில கறுப்புத் தண்ணியைக் காட்டுவாங்க, வீட்டுல எல்லாரும் வாயடைச்சுப் போயிடுவாங்க. சிக்கினது எவ்வளவுன்னு அந்தத் தண்ணி சொல்லுது சரி, தப்பிச்சது எவ்வளவுன்னு அது எப்படிச் சொல்லும்? அதுக்கு மெஷினோட பின்பக்கம்தான் பாக்கணும். ரூமை இருட்டாக்கிட்டு, கொஞ்சம் டால்கம் பவுடரை இழுக்க விட்டு, காத்து வெளிய வர்ற இடத்துக்குக் குறுக்கால டார்ச் அடிக்கச் சொல்லுங்க, பொடி பறந்தா வெளிச்சத்துல தெரியும். ஒண்ணும் தெரியலன்னா அதுக்காக சுத்தமோ சுத்தம்னு அர்த்தமில்ல, ஆனா தெரிஞ்சுட்டா மேல பேச ஒண்ணும் இல்ல.

இதையெல்லாம் சொல்றதால மெஷினே வேஸ்ட்டுன்னு நினைக்காதீங்க. பை அடைச்சு இழுவை குறையிற தொல்லை இதுல இல்லங்கிறது பெரும்பாலும் உண்மை. அலர்ஜியைக் கிளப்புற தூசிப்பூச்சியோட எச்சம் 10 மைக்ரானுக்கு மேல பெருசு, அதைத் தண்ணி நல்லாவே பிடிக்கும். பூனை அலர்ஜிக்காரங்களுக்குத்தான் யோசிக்கணும், அது இன்னும் சின்னத் துகள்லயும் காத்துல சுத்தும், அவங்க கடைசியில ஹெப்பா இருக்கான்னு பாத்து வாங்கட்டும்.

வேலை முடிஞ்ச உடனே தண்ணியைக் கொட்டி, தொட்டியைக் கழுவிக் காய வைக்கணும், ராத்திரி முழுக்க விட்டா நாத்தம் அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். வாஷ்பேசின்ல கொட்டாதீங்க, முடியும் மணலும் பைப்பை அடைச்சிடும். கட்டுரையில இதைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல, அடுத்த வாரம் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவாவது போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வேக்குவம் கிளீனர் மெக்கானிக்